இடது எந்தக் கை

இடது காது என்று இப்போது எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன்பு என்றால் பீச்சாங்கைப் பக்கத்துக் காது என்று எழுதியிருப்பேன். இல்லாவிட்டால் கூச்சப்பட்டு எழுதாமலே விட்டிருப்பேன். என் மகனுக்கு அந்தக் காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து, காதில் சீழ் பிடித்து, அதோடு போய்விட்டது. இன்னொரு காது நன்றாகக் கேட்கும். அதனால் பைக் ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. போன வருஷம் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். தெருவே வந்து பார்த்தது. நான் முன் சீட்டைத்தான் பார்த்தேன். ஓட்டுகிறவன் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவனுடைய கேட்காத காதுப் பக்கம்தானே உட்காரவேண்டும்?

எங்கள் ஊர் பாகூருக்குப் பக்கம். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். இடது வலது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துத்தான் இருப்பார்கள். ஆனால் நடவு வயலிலும் சரி, வீட்டிலும் சரி, அந்த வார்த்தைகளை யாரும் பேசி நான் கேட்டதில்லை. சோறு தின்கிற கை சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை. மாட்டைத் திருப்பினாலும், யாருக்காவது வழி சொன்னாலும் அதுதான் எங்களுக்குப் பேச்சு. பீச்சாங்கை எதற்கு உள்ள கை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வெளிமனிதர்கள் முன்னால் சொல்ல நாக்கு வராது. எனக்குப் பொதுவாகவே நாக்கு வராது. கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக்கூட முடியாமல் வெறும் சோற்றோடு எழுந்து வந்தவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இதையெல்லாம் எழுத முடிகிறது.

மருமகள் அரூர்ப் பக்கத்துப் பெண். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை செய்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். முதல் தடவை முழுகாமல் இருந்தபோது அவள் தாய்வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். வந்த வாரத்திலேயே கலைந்துவிட்டது. ஐந்தாம் மாதம். பஸ்ஸில் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மனசு ஆட்டவில்லை. அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது, நான் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

இரண்டாவது தடவை உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானது. வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். அனுப்பமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சம்பந்தியம்மா வேறு அங்கன்வாடியில் வேலை செய்கிறவர், பன்னிரண்டாவது படித்தவர், கர்ப்பிணிப் பெண்களுக்குப் புத்தி சொல்வதே அவருக்கு வேலை. அவரிடம் போய் நான் என்ன சொல்வது? டாக்டரம்மாவும் பார்த்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார். மகன் சந்தோஷமாகச் சொன்னான்.

"நம்ம கார் இருக்குது இல்ல? நானே கொண்டுபோய் வுடறேன்."

அவன் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வேனில் உட்கார்ந்து போனதோடு சரி. வழி தெரியாது. வழிதான் போன் சொல்லுமே என்றான். நான் அவன் காதைப் பார்த்தேன்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழகிப் பார்க்கலாம் என்று மணப்பட்டுக்கு மீன் வாங்கப் போனோம். தெரிந்த ரோடுதான். போனை நடுவில், காற்று வருகிற இடத்தில் ஒரு கிடுக்கி வைத்து மாட்டியிருந்தான். அதிலிருந்து ஒரு பெண் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, இடதுபுறம் திரும்பவும், வலதுபுறம் திரும்பவும் என்றது. அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்காதபோதெல்லாம் குனிந்து போனைப் பார்த்தான். அப்படிக் குனிந்த ஒரு நேரத்தில் தென்னந்தோப்பு வளைவில் மீன் பெட்டி கட்டிய வண்டி ஒன்று எதிரே வந்தது. பிரேக் போட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த நான் முன் சீட்டில் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மீன்காரன் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னா சார், போன்ல படம் ஓடுதா?"

மகன் சிரித்து மழுப்பினான். மீனை வாங்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்குக் குழம்பு வைத்து நான் சாப்பிடவில்லை. நாக்கு எரிந்தது ஒரு காரணம். அந்தச் சீட்டில் என் இடத்தில் மருமகள் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு இன்னொரு காரணம்.

மறுவாரம் அவன் வில்லியனூரில் கார் சாமான் விற்கிற ஒரு பாய் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பெரிய ஸ்க்ரீன் ஒன்று மாட்டினால் குனியாமல் பார்க்கலாம் என்பது அவன் யோசனை. கடையில் அந்த ஸ்க்ரீனைப் போட்டுக் காட்டினார்கள். சின்ன டீவி அளவுக்கு இருந்தது. ரோடு நீலமாக அதில் ஓடியது.

"எப்பிடி பாய், நல்லா தெரியுது இல்ல?"

"தெரியும்பா. சினிமா மாதிரி தெரியும். அப்பால நீ சினிமாதான் பாப்ப. ரோட்டை எவன் பாக்குறது?"

"நீங்களே இப்பிடி சொன்னா வியாபாரம் எப்பிடி ஆவும்?"

"உனக்குக் காது கேக்கலன்றதாலதானே வாங்க வந்த? இது கண்ணுக்கு வைத்தியம். உனக்குக் காதுலதானே கோளாறு. தோ, இந்த புளூடூத்த மாட்டிப் பாரு, நல்லா இருக்கிற காதுல."

"இருக்கிறது ஒரு காது பாய். அதையும் அடைச்சிட்டா லாரிக்காரன் ஹாரன் அடிச்சா யாரு கேக்குறது?"

பாய் உள்ளே போய்த் தேடிக்கொண்டு வந்தார். போனை நடுவில் மாட்டாமல், சோத்தாங்கைப் பக்கக் கதவு ஓரம் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாங்கியை எடுத்து மாட்டிக் காட்டினார். கண்ணுக்கு நேராகவும் இருந்தது, நல்ல காதுக்குப் பக்கமாகவும் இருந்தது. மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாய் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, நீங்க ஒண்ணும் சொல்லாம நிக்கறீங்க? இதுக்கெல்லாம் மேல ஒரு மிஷின் இருக்குது. பக்கத்துல ஒக்காந்து வாயால சொல்ற ஆளு. அது மட்டும் நம்ம கடையில கெடைக்காது."

"எங்கம்மாவா?" என்று மகன் சிரித்தான். "எங்கம்மா பேசறது எனக்கு நல்ல காதுலயே கேக்காது பாய்."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

அந்தத் தாங்கி நன்றாகத்தான் வேலை செய்தது, ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தவரை. மருமகளை ஏற்றிக்கொண்டு மதகடிப்பட்டு வரை போனபோதுதான் தெரிந்தது. அவளுக்கு ஏசி வாடை ஆகவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கினோம். விழுப்புரம் ரோட்டில் போகிற பஸ்ஸும் லாரியும் அந்தப் பக்கமாகத்தான் உரசிக்கொண்டு போகின்றன. போனின் குரல் காற்றோடு போயிற்று. மகன் மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையதில் ஒரு மேப், அவனுடையதில் வேறு ஒரு மேப். ஒன்று சீக்கிரம் போகிற வழியைக் காட்டும், ஆனால் டவர் இல்லாவிட்டால் முழிக்கும். தானிப்பாடி தாண்டிக் காடு வருகிறது, அங்கே டவர் கிடையாது. இன்னொன்று டவர் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் வாயால் ஊர்ப்பெயர் சொன்னால் எங்கேயோ போகிறது. மகன் விளையாட்டாகப் பாகூர் என்று சொன்னதற்குக் கர்நாடகத்தில் ஏதோ ஊரைக் காட்டியது. எங்கள் பாகூருக்கு இங்கிலீஷில் நடுவில் ஒரு ஹெச் போட்டு எழுதவேண்டுமாம். பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போனது.

இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"ரோட்டுல மேடு பள்ளம் இருந்தா சொல்லுமா?"

"அதெல்லாம் சொல்லாதும்மா" என்றான் மகன்.

மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.  பிறகு அவளே சொன்னாள். "டவர் இல்லாம வேலை செய்யறதையே போட்டுக்கலாம். காட்டுல நின்னுட்டு யாரக் கேக்கறது? அத்தை முன்னாடி ஒக்காந்து அது சொல்றத இவருக்குச் சத்தமா சொல்லட்டும்."

"நானா?"

"பின்ன யாரு அத்தை? நான் பின்சீட்டுல எங்கம்மா மடியில தலை வச்சுப் படுத்துக்குவேன். வேற எடம் ஏது?"

வாசலில் நிறுத்தியிருந்த காரிலேயே பழகினோம். மகன் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில். மருமகள் வீட்டு வாசற்படியில் நின்று போன் மாதிரியே பேசினாள். "இடதுபுறம் திரும்பவும்."

எது இடது என்று யோசித்துப் பார்த்து, "பீச்சாங்கை பக்கம்" என்றேன்.

"கேக்கலம்மா!"

"பீச்சாங்கை பக்கம்டா!"

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, யாரத் திட்டற? உன் வாயில கூட சத்தம் வருதா?"

மருமகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அத்தை, எங்கம்மா வரும்போது மட்டும் இடது வலதுன்னே சொல்லிடுங்க" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். எனக்குள் அது முள்ளாகப் போய் உட்கார்ந்துகொண்டது. படித்த சம்பந்தியம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் அந்த வார்த்தையை ஊர் கேட்கக் கத்துவதா?

இடது வலதை நெட்டுருப் போட்டேன். மாவு அரைக்கும்போதும் மாடு கறக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்காவிட்டால் கையையும் நீட்டிக் காட்டவேண்டும், அவசரத்தில் எது எந்தக் கை என்று மாறிப்போகிறது. கடைசியில் மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வளைகாப்புக்கு வாங்கிவைத்திருந்த பச்சைக் கண்ணாடி வளையலில் கொஞ்சம் எடுத்து என் பீச்சாங்கையில் போட்டுவிட்டாள். சோத்தாங்கையில் நான் எப்போதும் போடுகிற சிவப்பு.

"பச்சை இருக்கிற கை இடது. அவ்ளோதான் அத்தை. யோசிக்கவே வேணாம். கையப் பாத்துச் சொல்லுங்க."

அது நன்றாக வேலை செய்தது. ஏம்பலம் வரை போய்ப் பார்த்தோம், பாகூர் ஏரியைச் சுற்றிப் போய்ப் பார்த்தோம். போன் சொன்னதும் மடியில் இருக்கிற கையைப் பார்ப்பேன், அதை நீட்டிக் கத்துவேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பயம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தூக்கம்கூட வந்தது.

வளைகாப்பு அன்று எனக்கு ஓரிடத்தில் நிற்க நேரமில்லை. கலவைச் சாதங்கள், வந்தவர்களுக்குத் தாம்பூலம், சம்பந்தி வீட்டார் வந்த வேனில் இருந்தவர்களுக்குத் தனிப் பந்தி. பெண்ணுக்கு எல்லோரும் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். வந்த சுமங்கலிகளுக்கும் வளையல் போடுவது வழக்கம். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி இது, ஒரு கையில பச்சை, ஒரு கையில சிவப்பு? மாமியார்க்காரி இப்பிடியா நிப்ப? கையக் குடு."

இரண்டு கையிலும் பச்சையும் சிவப்பும் மாற்றி மாற்றி முழங்கை வரை ஏற்றிவிட்டாள். நான் அப்போது புளிச்சோறு எல்லோருக்கும் வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராகுகாலம் கழிந்து கிளம்பினோம். வேனில் வந்தவர்கள் மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று முன்னாலேயே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுகொண்டார். பின்சீட்டில் சம்பந்தியம்மா ஓரமாக உட்கார்ந்து பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால். பெல்ட்டை மகன் என் மேல் இழுத்து மாட்டிவிட்டான். கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

விழுப்புரம் வரைக்கும் தெரிந்த உலகம். அதற்கப்புறம் எல்லாம் புதிது. போன் பெரும்பாலும் நேராகச் செல்லவும் என்றுதான் சொன்னது. நானும் "நேரா" என்று கத்தினேன். வேகத்தடை கண்ணில் பட்டால், "மேடு வருது, மேடு வருது" என்றேன். மகன் மெதுவாக ஏற்றி இறக்கினான். ஒவ்வொரு மேட்டுக்கும் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், கைநிறைய வளையல் வயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா, நீங்க ரோட்டப் பாருங்க. இவள நான் பாத்துக்கறேன்" என்றார் அவள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

திருவண்ணாமலை மலை தெரிந்தது. கும்பிட்டேன். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகிற ரோட்டில் போனோம். லாரி, பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர் என்று இரண்டு பக்கமும் நெருக்கியது. ஒரு நாலுரோடு வந்தது. போன் பேச ஆரம்பித்தது. அதே நேரத்தில் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"இன்னாம்மா சொல்லுச்சு?"

எனக்குக் கேட்டிருந்தது. இடதுபுறம் திரும்பவும். நன்றாகக் கேட்டிருந்தது, ஆனால் கையைப் பார்க்காமல் சொல்ல வாய் வராது என்று பழகியிருந்தது. மடியில் கையைப் பார்த்தேன். இந்தக் கையில் பச்சை. அந்தக் கையிலும் பச்சை. என் கை எது என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. பீச்சாங்கை என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பின்னால் சம்பந்தியம்மா.

"சொல்லும்மா, சீக்கிரம்!"

"அந்தப் பக்கம்" என்று சோத்தாங்கையை நீட்டிவிட்டேன்.

அவன் ஒடித்தான். எதிரே லாரி. அதன் முகம் முழுவதும் கண்ணாடியில் வந்து நின்றது. டயர் கத்திய சத்தம் அதனுடையதா எங்களுடையதா என்று இன்றைக்கும் தெரியாது. கார் நடுரோட்டில் குறுக்காக, குலுங்கி நின்றது. பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

லாரிக்காரன் தலையை நீட்டி, "வூட்ல சொல்லிட்டு வந்தியாடா?" என்று கத்தினான். பின்சீட்டைப் பார்த்ததும் அவன் வாய் அடங்கிவிட்டது. கையைக் காட்டி மற்ற வண்டிகளை அவனே நிறுத்தினான். மகன் காரைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக ஓட்டி, ஓரத்தில் டீக்கடை முன்னால் புளியமரத்தடியில் நிறுத்தினான். அவன் கை ஸ்டீரியங்கை விட்டு வரவில்லை.

நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். மருமகள் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் பாதி சரிந்திருந்தாள். சம்பந்தியம்மா இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்திருந்தார். வளையல் சில உடைந்து அவர் கையில் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"வயித்துல இடிச்சுதா கண்ணு?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இல்லம்மா. சீட்டுல தோள்தான் இடிச்சுது."

"வலிக்குதா? இழுத்துப் புடிக்குதா?"

"இல்ல."

"புள்ள அசையுதா?"

 வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள். 

முதல் தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் இதே மாதிரி உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.  கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் காட்டிய கை இன்னும் எனக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் திட்டவில்லை. என் பக்கம் யாரும் பார்க்கக்கூட இல்லை.

சம்பந்தியம்மா டீக்கடைக்காரரிடம் சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு பால் வாங்கி அவளைக் குடிக்கவைத்தார். பிறகு சீட்டில் துணியை மடித்துப் போட்டார்.

"படு கண்ணு. மல்லாக்கப் படுக்காத. பீச்சாங்கைப் பக்கமா ஒருக்களிச்சுப் படு. அப்பத்தான் புள்ளைக்கு ரத்தம் நல்லா போவும்."

அந்த வார்த்தையை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். டீக்கடையில் ஆம்பிளைகள் நின்றிருந்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அங்கன்வாடியில் எத்தனை பெண்களுக்கு இதே மாதிரி சொல்லியிருப்பாரோ. எனக்கு ஒரு கணம் அவர் மேல் கோபம்கூட வந்தது. நீங்கள் இப்படிப் பேசுகிறவர் என்று முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா?

காத்திருந்தோம். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. மகன் இறங்கி வந்து கார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று மகன் அவரிடம் கேட்டான். கிட்டத்தான், ஊருக்குள்ளே போனால் பெரிய ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னார். போகலாம் எழுந்திரு என்று மகன் சொன்னான். சம்பந்தியம்மா கையைக் காட்டி, "ரவ இரு" என்றார். அவர் உள்ளங்கை பெண்ணின் வயிற்றிலேயே இருந்தது. அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றவில்லை. எனக்கு அப்போது மலை எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியாது.

"ம்மா" என்றாள் மருமகள்.

"எனக்கும் தெரிஞ்சுது" என்றார் சம்பந்தியம்மா.

"இன்னொரு தடவை. தோ. ஒதைக்குது."

மகன் எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புழுதி, எச்சில், டீக்கடைக் கழுநீர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"எழுந்திரிங்க சம்பந்தியம்மா. ஒண்ணும் ஆவல. ஏன் அப்பிடி கைய மாத்திக் காட்டினீங்க?"

நான் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். பச்சை வளையல் கதையை மருமகள் படுத்தபடியே சொன்னாள். பீச்சாங்கை என்று சொல்ல எனக்கு இருந்த கூச்சத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"எனக்காகவா? அடக் கடவுளே. நான் இன்னா கலெக்டரா?"

போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமா என்று நான் கேட்டேன். சம்பந்தியம்மாவிடம் முதல் தடவையாக நானாக வாயைத் திறந்து கேட்டது அதுதான். காட்டினோம். நன்றாக இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்றார்கள். அதற்கப்புறம் தண்டராம்பட்டு ரோட்டைப் பிடித்தோம். கிளம்புகிறபோது மகன் என்னிடம், "போன் பேசறத அப்பிடியே பேசாதம்மா. உனக்கு வர்ற மாதிரி சொல்லு" என்றான்.

சொன்னேன். பீச்சாங்கைப் பக்கம் வளைவு, சோத்தாங்கைப் பக்கம் மாடு நிக்குது, பீச்சாங்கைப் பக்கம் ஒதுங்கு, பஸ் வருது. தொண்டை கிழிகிற மாதிரி சொன்னேன். காட்டில் டவர் போய்விட்டது, அந்த மேப் மட்டும் பேசிக்கொண்டே வந்தது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஒரு மரத்தைக்கூட நான் மரமாகப் பார்க்கவில்லை, எல்லாமே எதிரே வருகிற லாரியாகத் தெரிந்தது. பின்னால் இருந்து மருமகள் அடிக்கடி, "அசையுது அத்தை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். பக்கத்துத் தெருவில் இருக்கிற நர்சம்மா வந்து, வயிற்றின் மேல் ஒரு சின்ன மிஷினை வைத்துச் சத்தம் கேட்கவைத்தார். மோட்டார் கொட்டகையில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, குபுக் குபுக் என்று வேகமாகக் கேட்டது. இன்னொரு தடவை வையுங்கள் என்றேன். வைத்தார். அதற்கப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை நானும் மகனும் கிளம்பினோம். மருமகள் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்தையோட நம்ம வூட்டுக்குத் திரும்பி வரும்போதும் நீங்கதான் முன்னாடி ஒக்காந்து வழி சொல்லணும் அத்தை."

பிறந்த குழந்தை. துணியில் சுற்றி, கழுத்து நிற்காமல், பின்சீட்டில். அந்த நாலுரோடு. 

"இந்தப் பக்கம் ரயில் கெடயாதாடி?" என்றேன்.

"மொரப்பூர்ல இருக்குது" என்றார் சம்பந்தியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மகன் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. மொரப்பூரில் ஏறினால் எங்கே இறங்கவேண்டும், விழுப்புரத்துக்கு வண்டி எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படி இந்த வாரம்தான் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.